கூடுதல் பெல்ட்

என் இருக்கைக்கு அடியில்
ஒரு முழ நீளத்துக்கு உபரி சீட் பெல்ட் வைத்திருக்கிறேன்.
யாரும் கேட்பதற்கு முன்னால் எடுத்து நீட்டிவிட வேண்டும்.
கேட்க வைத்துவிட்டால் வழியெல்லாம் பேசமாட்டார்கள்.
பதினோரு வருஷத்தில் நான் கற்ற தொழில் இது ஒன்றுதான்.
மற்றபடி வேன் தானாகவே ஓடும்,
சான் டியேகோ விமான நிலையத்திலிருந்து எல்லை தாண்டி
திஹுவானாவில் அந்த மருத்துவமனையின் பின்வாசல் வரை.

திங்கட்கிழமை வந்தவள் லோர்னா ப்ரூயிட்.
ஒக்லஹோமாவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில்
நானூறு பிள்ளைகளுக்குத் தட்டு நிரப்புகிறவள்.
கணவனின் மீன்பிடிப் படகை விற்ற பணம்
கைப்பையில் இருந்தது.
"அவருக்குத் தெரியுமா?" என்றேன்.
"செத்துப்போனவனுக்கு எதற்குப் படகு?" என்றாள்.
பிறகு கொஞ்ச தூரம் கழித்து,
"எங்கள் ஊரில் இதற்கே நாலு மடங்கு.
இன்ஷூரன்ஸ்காரன் மூன்று முறை கையை விரித்துவிட்டான்."

எங்கள் பக்கம் நுழைய வரிசையே கிடையாது.
எல்லையைத் தாண்டும்போது விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.
ஜெபம் என்று நினைத்தேன்.
"கடைசியாகச் சாப்பிட்டவை" என்றாள்.
பீச் பழ பை. வறுத்த வெண்டைக்காய்.
தங்கை வீட்டில் பன்றித் தொடைக்கறி.
அப்புறம் பதினான்கு நாள் வெறும் தண்ணீர் ஆகாரம்.
அப்புறம் விமானத்தில் உப்புக்கடலை, ஒன்பது.
"டாக்டரிடம் சொல்லிவிடாதே."
சொல்லவில்லை.

ஒரு சாண் வயிற்றுக்குத்தான் உலகமே ஓடுகிறதாம்.
டாக்டர் எஸ்கோபெதோ அதை
ஒரு வாழைப்பழ அளவுக்கு நறுக்கித் தைத்துவிடுகிறார்,
நான் டயருக்குக் காற்றடித்து
ஒரு காபி குடித்து முடிப்பதற்குள்.

வியாழக்கிழமை திரும்ப ஏற்றினேன்.
அதே எடைதான், அதே பெல்ட்தான்.
நடை மட்டும் வேறு.
விளிம்புவரை நிரம்பிய குடத்தைக் கொடுத்து
சிந்தாமல் கொண்டுபோ என்று யாரோ சொன்னதுபோல.

அமெரிக்காவுக்குள் போகத்தான் வரிசை.
மூன்று மணி நேரம். வண்டிகளுக்கு நடுவே விற்காத பொருளில்லை:
பீங்கான் ஆமை, கம்பளி, சிலுவை, நாய்க்குட்டி,
சீனியும் பட்டைத்தூளும் புரட்டிய சூடான சுர்ரோ.
நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அதுவும் தொழில்தான்.
அவள் இறக்கினாள்.

இரண்டு டாலர். ஒரு காகிதப் பை.
அதைத் தையல் போட்ட இடத்தின் மேல் வைத்துக்கொண்டாள்,
வெந்நீர்ப் பை போல.
பார்க்காததுபோல் பார்த்தேன்.
"நீ தின்னு, எவெரார்தோ."
எனக்குச் சர்க்கரை, ஆறு வருஷமாக.
சொல்ல வாய் வரவில்லை.
"மெதுவாக. எனக்குச் சத்தம் கேட்கிற மாதிரி."

தின்றேன்.
மொறுமொறுப்பு, அதற்குள்ளே கொஞ்சம் ஈரமாவு.
இரண்டாவதில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
முன்னால் இருந்த வண்டி நகர்ந்துவிட்டது,
பின்னால் இருந்தவன் ஹாரனில் கையை வைத்தான்,
நான் மென்றுகொண்டிருந்தேன்.
"போதும்" என்றாள்.
எனக்குச் சொன்னாளா, தனக்கா, தெரியவில்லை.

என்ன கொண்டுவருகிறீர்கள் என்று சாவடியில் கேட்பார்கள்.
என் பயணிகள் எல்லாருக்கும் ஒரே நகைச்சுவை:
கொண்டுவரவில்லை ஐயா,
முக்கால் வயிற்றை விட்டுவிட்டு வருகிறேன்.
அதிகாரிகளுக்கே அலுத்துவிட்டது.
லோர்னா அதைச் சொல்லவில்லை.
"மாத்திரை" என்றாள். "அரைப் பை சுர்ரோ."

இறங்கும்போது பெல்ட்டைக் கழற்றி
நாலாக மடித்துக் கொடுத்தாள்,
சமையலறைத் துண்டை மடிக்கிற பழக்கத்தில்.

நாளைக்கு மிசௌரியிலிருந்து ஒருவர். லாரி ஓட்டுகிறவராம்.
அவர் கேட்பதற்கு முன்னால் எடுத்து நீட்ட வேண்டும்.
கொக்கியின் இடுக்கில் சீனி ஒட்டியிருக்கிறது.
என் விரலிலிருந்து போயிருக்கும்.
துடைக்க வேண்டும்.
துடைப்பேன், காலையில்.